பட்டும் நோன்பும்: ஆரணி வட்டாரத்துச் சமணம் பற்றிச் சில குறிப்புகள்

ஆன்மீகம் என்கிற சொல்லை நம் கூட்டங்களில் யாராவது எடுத்தால் இரண்டு விதமான எதிர்வினைகள் உடனே வந்துவிடுகின்றன. அது சுரண்டலை மூடுகிற திரை, அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பது ஒன்று. அது அவரவர் உள்விவகாரம், வரலாற்றுக்காரனுக்கு அங்கே வேலையில்லை என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர்கள் தோழர்கள். இரண்டாவதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் முன்னாள் தோழர்கள். இரண்டு தரப்பும் ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன என்று எனக்குப் படுகிறது. ‘உள்’ என்று ஒன்று தனியே இருக்கிறது, ‘வெளி’ என்று ஒன்று தனியே இருக்கிறது, ஒன்றைப் பேசும்போது மற்றதைப் பேச வேண்டியதில்லை என்கிற அனுமானம். அகவளர்ச்சி, ஆன்ம உயர்வு என்றெல்லாம் சொல்லப்படுவதை ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில், குறிப்பிட்ட உடல்களிலும் தொழில்களிலும் வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்கிறதா என்று கேட்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

வட்டாரம் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். என் பாட்டனார் இங்கே குழித்தறியில் உட்கார்ந்தவர். வீட்டில் இன்றைக்கும் ஒரு தறி ஓடுகிறது. ஆரணியைப் பற்றி வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் 1751இல் கிளைவ் ஜெயித்த சண்டையும், 1782இல் ஹைதர் அலியோடு கம்பெனிப் படை மோதியதும், ஜாகீர்தார் குடும்பமும்தான். ஆனால் ஊரைச் சுற்றி வந்தவனுக்கு வேறொரு வரலாறு கண்ணில்படும். ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரு கோடு இழுத்தால் அதற்குள்தான் தமிழ்ச் சமணர்களின் ஊர்களில் பெரும்பகுதி இருக்கிறது. நயினார் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்பவர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள். தண்ணீரை வடிகட்டிக் குடிப்பவர்கள். பூண்டியில் ஜினாலயம், திருமலையில் மலைமேல் நேமிநாதர், மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம், பொன்னூர் மலையில் பாதச்சுவடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். அதில் பெரும்பங்கு சென்னையிலும் பிற நகரங்களிலும் குடியேறிய மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள். மிச்சமிருக்கும் சில பத்தாயிரம்தான் இந்த மண்ணின் பழைய சமணர்கள்.

இவர்கள் நம்முடைய கோட்பாட்டாளர்களுக்கு ஒரு சங்கடம். மாக்ஸ் வெபர் இந்தியச் சமயங்களைப் பற்றி எழுதியபோது, கொல்லாமை நோன்பே சமணரை உழவிலிருந்து விலக்கி வணிகத்தில் தள்ளியது என்றார். ஏர் ஓட்டினால் மண்ணில் உயிர் சாகும், கடை வைத்தால் சாகாது என்பது தர்க்கம். கைலாசபதி ‘நாடும் நாயன்மாரும்’ கட்டுரையில் பக்தி இயக்கத்தை நிலவுடைமையாளர்கள் வணிக வர்க்கத்தை எதிர்த்து நடத்திய போராட்டமாக வாசித்தார். சமணமும் பௌத்தமும் அங்கே வணிகரின் சமயங்கள். இந்த வாசிப்பு நமக்குப் பெரிய திறப்பாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்குப் பிறகும் சமணராகவே எஞ்சி நிற்பவர்கள் யார்? ஏர் கட்டிய, கட்டுவித்த குடியானவர்கள். வணிகச் சமயம் என்றால் வணிகர்தானே மிஞ்சியிருக்க வேண்டும்? நிலத்தில் காலூன்றியவர்களிடம்தான் அது தங்கியிருக்கிறது. வர்க்கத்துக்கும் சமயத்துக்கும் நேர்க்கோடு போடுகிற ஆய்வுமுறை இங்கே இடறுகிறது.

சரி, அவர்களே தங்கள் சமயத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? சமணத்தில் அகவளர்ச்சி என்பது மங்கலான உணர்ச்சி இல்லை. அது எண்ணப்பட்ட படிகள். ஆன்மா ஏறவேண்டிய குணஸ்தானங்கள் பதினான்கு. அது துறவிவரை போகிற கணக்கு. இல்லறத்தானுக்கென்று தனியாகப் பதினொரு படிகள் உண்டு. காஞ்சியோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் எழுந்த ‘அருங்கலச்செப்பு’ இந்தப் படிகளைக் குறள் வடிவில் சொல்கிறது. நற்காட்சி, விரதம், தியானம், உபவாசம் என்று தொடங்கி, இரவுணவு விடல், பிரமசரியம் என்று ஏறி, எட்டாவது படியில் தொழிலை விடல், ஒன்பதில் உடைமையை விடல், பத்தில் அனுமதியை விடல் என்று போகிறது. எட்டாவது படியையும் பத்தாவது படியையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் பிறகு திரும்பி வருவேன்.

இந்த ஏணியின் உச்சியில் நிற்கிறது சல்லேகனை, வடக்கிருத்தல். செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர்குன்று. பெரிய பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறிய கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதன் நிசீதிகை. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. தமிழில் ‘ஐ’ என்கிற எழுத்து தெளிவாகக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று என்று எழுத்தியல் அறிஞர்கள் கொண்டாடுவார்கள். அதே குன்றில் பிற்காலத்துக் கல்வெட்டு இன்னொன்று இளைய பட்டாரரின் 30 நாள் நோன்பைச் சொல்கிறது. எழுத்தியல்காரர்களுக்கு அது ‘ஐ’. எனக்கு அந்த ஐம்பத்தேழு. முக்தி கிடைத்தது, தேவலோகம் போனார் என்று எதுவும் சொல்லாமல் நாளை மட்டும் எண்ணிப் பொறித்திருக்கிறார்கள். யாரோ பக்கத்தில் இருந்து எண்ணியிருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தது, விரித்துக் கிடத்தியது, கடைசியில் உடலை அகற்றியது எல்லாம் இன்னொருவர் கை. அகவளர்ச்சியின் ஆகத் தனிமையான கணத்திலும் அங்கே ஒரு கூட்டம் இருந்திருக்கிறது.

(2015 ஆகஸ்ட் 10இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைத் தற்கொலை என்று தடை செய்ததும், அதே மாதம் 31இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். அன்றைய விவாதம் முழுக்கத் தனிமனித உரிமை, தனிமனித உயிர் என்றே ஓடியது. எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றி இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.)

அடுத்து திருமலை. போளூர்ப் பக்கம். ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரால் அங்கே ஒரு ஜினாலயம். அந்த மலைப்பாறையில் முதலாம் ராஜேந்திரனின் பிரசித்தி பெற்ற கல்வெட்டு இருக்கிறது, 1020களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கங்கைவரை போன படையெடுப்புக்கு முதன்மைச் சான்று. பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்வரை வந்த கல்வெட்டு. ஆனால் அது எதற்காகப் பொறிக்கப்பட்டது? மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு விஷயம் வருகிறது: மல்லியூரைச் சேர்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தாவிளக்கு வைத்தாள். அவ்வளவுதான். நாடுபிடித்த பட்டியல் அந்த விளக்குக்கு முன்னொட்டு. நம் வரலாற்றாசிரியர்கள் முன்னொட்டை எடுத்துக்கொண்டு விளக்கை விட்டுவிட்டார்கள். ஒரு பெண், பெயர் சொல்லி, தன் பொருளில் ஒரு தீபம் அணையாமல் எரிய ஏற்பாடு செய்கிறாள். அவள் தேடியது என்ன என்று கேட்க ஒரு நூற்றாண்டுக் கல்வெட்டாய்வில் அதிகம் பேருக்குத் தோன்றவில்லை.

அதே கல்வெட்டில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: பள்ளிச்சந்தம். சமணப் பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலம். வைகாவூர் பள்ளிச்சந்தம். விளக்கின் நெய்யும் முனிவரின் சோறும் அந்த நிலத்திலிருந்து வரும். நிலத்தை உழுதவன் பெயர் கல்லில் இல்லை. மண்ணுயிர் கொல்லாத முனிவருக்காக மண்ணைக் கிளறியவன் அவன். வெபர் சொன்ன தர்க்கம் பாதிதான் சரி: கொல்லாமை உழவை ஒழித்துவிடவில்லை, உழவின் பாவத்தை யார் சுமப்பது என்று பங்கு பிரித்தது. மேல்படியில் நிற்பவனுக்குக் கை சுத்தம்; கீழ்ப்படியில் நிற்பவன் கை மண். படிகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பங்குபிரிப்பைச் சேர்த்துப் பேசாவிட்டால் அது வெறும் உபந்நியாசம்.

சமணர்களின் ‘உள்’ எப்போதும் சமாதானமாக இருந்ததும் இல்லை. 1478ஐ ஒட்டி நடந்ததாக, மெக்கன்சி சேகரித்த செவிவழிக் கதைகளில் ஒன்று வரும். செஞ்சி நாயக்கன் ஒருவன் உயர்ந்த குலங்களிலெல்லாம் பெண் கேட்கிறான். சமணர் தருவதாக ஒத்துக்கொண்டு, முகூர்த்தத்தன்று வீட்டில் யாரும் இல்லாமல் பந்தலில் பெண்நாயைக் கட்டிவைத்துவிட்டுப் போகிறார்கள். பிறகு தலைகள் உருளுகின்றன. பிழைத்தவர்கள் நீறு பூசிச் சைவரானார்கள். சிலர் உள்ளுக்குள் பழைய நோன்பைக் காத்தார்கள். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்துக்கு ஓடிப்போய்ப் பிழைத்து, காலம் மாறியபின் திரும்பி வந்து, நீறு பூசியவர்களைத் திரும்பவும் சமணத்துக்குக் கொண்டுவந்தார் என்பது கதை. கொண்டுவந்த சடங்கு பூணூல் அணிவித்தல். திரும்பாதவர்கள் ‘நீறுபூசி’ வேளாளர் என்று பேர் பெற்றார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்பது வேறு விவகாரம். எனக்கு முக்கியமாகப் படுவது, இங்கே ‘உள்’ என்கிற இடம் அச்சத்தால் உண்டாக்கப்பட்டது என்பதுதான். நெற்றியில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. நம்பிக்கை சொந்த விஷயம் என்று இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொந்தத்துக்குள் ஒருகாலத்தில் மக்கள் ஓடி ஒளிந்தார்கள்.

இனிப் பட்டுக்கு வருகிறேன்.

முசுக்கொட்டை இலை தின்று நாலு முறை தோலுரித்து, ஒரு மாதத்துக்குள் முதிர்ந்து, புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூடு ஒரே இழை. பல நூறு மீட்டர் நீளம். உள்ளே கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டை ஓட்டை போட்டு வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். ஆகவே அது வெளியே வருவதற்குள் ஆவியிலோ வெந்நீரிலோ கொல்ல வேண்டும். இது தொழிலின் தவறோ யாருடைய கொடூரமோ அல்ல. இழை அறாமல் இருப்பதுதான் பட்டின் பளபளப்பு. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ கூடு வேண்டும். கூடு ஒன்று இரண்டு கிராமுக்கு மேல் இராது. கிலோவுக்கு மூவாயிரம் உயிருக்குக் குறையாது என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆரணிச் சேலை காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, ஆகவே பாவமும் குறைவு என்று எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு.

சமண வீட்டுக் கல்யாணத்திலும் பட்டுதான். தலைமுறை தலைமுறையாக இரவில் சோறு தொடாத, கிழங்கு தோண்டினால் உயிர் சாகும் என்று கிழங்கையே ஒதுக்குகிற குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். கோபப்படாமல் சொன்னார்: “தம்பி, நாங்க கொல்லலியே. கடையில இருக்குது, வாங்கறோம். நாங்க வாங்கலேன்னா மட்டும் அது நின்னுடுமா?” கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அப்பிடிப் பாத்தா ஏர் ஓட்டறதும்தான்” என்றார்.

இந்தப் பதிலில் உள்ள வரலாற்று முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் கொல்லவில்லை, விற்கிறான் வாங்குகிறோம் என்பது தமிழ்த் தத்துவ மரபில் சமணரின் வாதம் அல்ல. சமணர் எதிர்த்து நின்ற வாதம். நீலகேசியில் புலால் உண்பது பற்றிப் பௌத்தரோடு நடக்கும் சண்டையே இதுதான். தனக்கென்று கொல்லப்படாத ஊனை உண்பதில் குற்றமில்லை என்பது பௌத்தத் தரப்பு. உண்பவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்று நீலகேசி அதைத் தகர்க்கிறாள். (பலிகொடுக்க வந்த இடத்தில் முனிவர் ஒருவர் மண்ணால் செய்த உருவங்களைப் படையுங்கள் என்று சொன்னதிலிருந்து தொடங்கும் கதை அது. பழையனூர் நீலிப்பேய் அவரை விரட்ட வந்து, தோற்று, சமணச்சியாகி, ஊர் ஊராக வாதம் செய்யப் புறப்படுகிறாள். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதை உரையோடு பதிப்பித்திராவிட்டால் இந்த வாதமெல்லாம் நமக்கு ஏது.) திருக்குறளின் புலால்மறுத்தல் அதிகாரமும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது: தின்பதற்கென்று கொல்லாத உலகத்தில் விலைக்கு ஊன் தருபவன் இருக்கமாட்டான் என்பது அதன் தர்க்கம். வாங்குபவனைக் குற்றத்துக்குள் இழுத்துப்போடுகிற தர்க்கம். இதே சக்கரவர்த்தி நயினார்தான் குறளை எழுதியவர் ஏலாசாரியர் என்கிற குந்தகுந்தர் என்று வாதிட்டவர். வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையில் வழிபடப்படும் பாதங்கள் அந்த ஏலாசாரியருடையவை. இன்னொரு செவிவழி மரபு வள்ளுவரை மயிலாப்பூரில் நெசவு செய்தவராகச் சொல்கிறது. எந்தக் கதை சரி என்பதல்ல என் கேள்வி. ஒரே பெயரில் சமண முனிவரையும் தறிக்காரரையும் ஏற்றி வைத்த தமிழ் மனம், அந்த இருவரையும் ஒருவரோடொருவர் பேச வைக்கவேயில்லை.

சமணக் கோட்பாட்டுக்கு இந்தப் பேச்சுக்கான கருவி இல்லாமல் இல்லை. வினை மூன்று வகையில் ஒட்டும் என்பது அதன் அடிப்படை: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். கத்தி பிடித்தவனுக்கும், பிடிக்கச் சொன்னவனுக்கும், சரி என்று தலையாட்டியவனுக்கும் பங்குண்டு. பத்தாவது படி ‘அனுமதியை விடல்’ என்று சொன்னேனே, அது இதிலிருந்து வருவது. உலகின் எந்தச் சந்தைக்கும் இதைவிடக் கடுமையான விசாரணை ஆணையம் கிடையாது. மார்க்ஸ் சரக்கின் மாயை என்று பேசியதை, பொருளுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் உறவும் கண்ணுக்கு மறைந்துபோவதை, வேறொரு வழியில் இந்த மரபு தொட்டிருக்கிறது. தொட்டதும் கையை எடுத்துக்கொண்டது. இல்லறத்தானுக்கு நான்கு வகைக் கொலையைப் பிரித்து, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பியை மட்டும் முற்றாக விலக்கி, அடுப்படியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் ஆரம்பி, உத்யோகி, விரோதி மூன்றையும் கூடியமட்டும் குறைத்துக்கொள் என்று விட்டுவைத்தது. விட்டுவைத்த அந்த இடைவெளியில்தான் வயலும் நின்றது, பட்டும் நுழைந்தது.

இது சமணரின் தனிச்சிக்கல் என்று நினைத்து மற்றவர்கள் ஆறுதல்பட வேண்டாம். வைதீக ஆசாரத்தில் பட்டு ‘மடி’. பருத்தியைத் துவைத்து உலர்த்தினால்தான் தீட்டுப் போகும். பட்டுக்குத் தீட்டு எளிதில் ஒட்டாது. ஆயிரக்கணக்கில் வெந்து செத்த உடல்களிலிருந்து வந்த இழைக்குத் தீட்டில்லை, அதை நெய்தவன் வாசலில் வந்து நின்றால் தீட்டு என்ற ஏற்பாட்டின் அழகை என்னென்பது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) பட்டில் இருக்கும் கொலையைச் சொல்லிப் பெண்கள் பட்டுப்புடவையை விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டவர். ‘தெய்வத்தின் குர’லில் அது பதிவாகியிருக்கிறது. பட்டு நகரத்தின் மடாதிபதி அதைச் சொன்னது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தப் பேச்சும் உடுத்துபவரிடம் பேசிய பேச்சு. உடுத்துபவருக்குப் பாவம் போகும். நெய்பவருக்குக் கூலி போகும்.

நெய்பவர்களின் நம்பிக்கை என்னவாக இருந்தது? இங்கேதான் நம்மிடம் எழுத்துக் குறைவு. பெரியபுராணத்தில் அறுபத்துமூவரில் ஒருவர் நேச நாயனார், சாலியர். மனம் ஈசனடியில், வாய் ஐந்தெழுத்தில், கை நெசவில் என்று இருந்தவர். அடியார்க்கு உடையும் கோவணமும் நெய்து கொடுத்தவர். சேக்கிழார் அவருக்கு ஒதுக்கியது மிகச் சில பாடல்கள். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது: அங்கே தொழிலை விட்டால்தான் மேல்படி என்கிற விதி இல்லை. அருங்கலச்செப்பின் எட்டாவது படி, தொழிலை விடு என்கிறது. உழுவித்த நயினார் தன் முதிய வயதில் ஏறக்கூடிய படி அது. பிள்ளைகள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது, குத்தகை வரும். தறிக்காரன் தறியை விட்டால் அன்றைக்கு உலை ஏறாது. ஆன்ம உயர்வின் ஏணியில் எந்தப் படியில் யார் கால் எட்டும் என்பதை நிலமும் கூலியும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. பக்தி, கையையும் மனத்தையும் தனித்தனியாகப் பிரித்து இந்தச் சிக்கலைக் கடந்தது. அது விடுதலையா, ஏமாற்றா? இரண்டும்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

செங்குந்தர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. அவர்களின் புராணம் கொல்லாமையைத் தொடுவதே இல்லை. அம்பிகையின் சிலம்பு மணிகளிலிருந்து பிறந்து சூரனோடு போரிட்ட நவவீரர்களின் வாரிசுகள் தாங்கள் என்பார்கள். ஒட்டக்கூத்தர் பாடுவதற்கு விலையாக எழுபது தலைகளை வெட்டிக் கொடுத்தவர்கள் என்பது ஈட்டியெழுபதின் கதை. சோழர் காலத்தில் தெரிஞ்ச கைக்கோளர் என்று படைப்பிரிவுகளே இருந்தன. தறியிறை கட்டியவர்கள் கையில் ஈட்டியும் இருந்தது. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளை வைத்து விஜயா ராமசாமி காட்டுவது இன்னும் சுவாரஸ்யம்: காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் கைக்கோளர் பெற்றிருந்த சங்கு ஊதும் உரிமையும் பல்லக்கு உரிமையும் மற்ற ஊர்க் கைக்கோளருக்கும் நீட்டிக்கப்படுகின்றன. சௌராஷ்டிரரை எடுத்துக்கொண்டால், 1705இல் மதுரையில் உபாகர்மம் செய்ததற்காகப் பதினெட்டுப் பேர் பிடித்துவைக்கப்பட்டு, ராணி மங்கம்மாள் விசாரித்து உரிமையை உறுதி செய்தாள். சங்கு, பல்லக்கு, பூணூல். நெசவாளனுக்குச் சமயம் என்பது முதலில் தெருவில் நிமிர்ந்து நடக்கிற விஷயம். அகத்தில் வளர்வதற்கு முன் வெளியில் நிற்க ஓர் இடம் வேண்டும். இதை அக வறுமை என்று சொல்பவர்கள் கொஞ்சம் தறிக்குழியில் கால் வைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பூணூல் இரண்டு இடத்தில் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். காங்கேய உடையார் சமணத்துக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் பூணூலால்தான். பட்டுநூல்காரர் மதுரையில் கேட்டதும் அதைத்தான். மரியாதைக்கு வேறு மொழி இங்கே விட்டுவைக்கப்படவில்லை.

தறியில் இருப்பவர்கள் புழுவைப் பற்றி யோசிக்காதவர்கள் இல்லை. எங்கள் அண்ணியிடம் கேட்டேன். பாவுக்கு அறுந்த இழை பிணைத்துக்கொண்டே சொன்னார்: “எங்க கைக்கு வர்றப்ப அது நூலு. புழு எங்க இருக்குது? அத்த கொன்னவங்க பெங்களூர் பக்கம் இருக்காங்க.” செய்வித்தலையும் உடன்படுதலையும் நயினார் கடைக்காரர்மேல் தள்ளினார், அண்ணி கர்நாடகத்தின்மேல் தள்ளினார். அங்கே ராமநகரத்தில் நூல் உருவுபவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்களும் தலித்துகளும், கொதிக்கிற தண்ணீரில் கைவிட்டு இழைமுனை தேடுகிறவர்கள், யார்மேல் தள்ளுவார்கள்? கடைசிப் படியில் இருப்பவன் கை வெந்துபோகிறது. அவனுக்கு அகவளர்ச்சி பற்றி யாரும் நூல் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கணக்கில் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும். கோர்வைச் சேலை நெய்யும்போது கரைக்கான நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் ஓர் ஆள் வேண்டும். சின்னக் கை என்றால் வசதி. முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் அங்கே உட்கார்ந்தது. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கர்நாடகம், உத்தரப்பிரதேசம், தமிழ்நாடு மூன்று மாநிலத்துப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது; தமிழ்நாட்டில் அவர்கள் பார்த்தது காஞ்சிபுரம் பகுதி. பட்டில் புழு சாவதை மடங்கள் பேசின. பட்டில் பிள்ளைகள் தேய்வதைப் பேசியவர்கள் தொண்டு நிறுவனத்துக்காரர்களும் சில தொழிற்சங்கக்காரர்களும். இரண்டு பேச்சும் ஒரே மேடைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்கிற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சமண முனிவர் தறிக்கொட்டகைக்குள் வந்து நின்றால், புழுவில் தொடங்கினாலும் பிள்ளையில்தான் வந்து முடியவேண்டியிருக்கும். ஓரறிவு, ஈரறிவு என்று உயிர்களை அடுக்கிய மரபு அது. ஆறறிவு உயிர் அதில் உச்சியில் இருக்கிறது.

இப்போது அகிம்சைப் பட்டு என்று ஒன்று வந்திருக்கிறது. ஆந்திரக் கைத்தறித் துறையில் அலுவலராக இருந்த குசும ராஜய்யா 1990களில் தொடங்கி, பூச்சி வெளியேறிய பின் கிடைக்கும் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் முறையைப் பரப்பி, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இழை அறுந்துவிடுவதால் உருவ முடியாது, பஞ்சைப் போல நூற்கத்தான் வேண்டும். பளபளப்புக் குறைவு, விலை அதிகம். பல்லாயிரம் ஆண்டு வளர்ப்பில் பழகிப்போன அந்தப் பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, தின்ன வாயும் கிடையாது. வெளியே வந்து இணைந்து, முட்டையிட்டுச் சில நாளில் செத்துப்போகும். அந்தச் சில நாள் அதற்கு உரியதுதானே என்று கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் இதுவும் உடுத்துபவரின் உள்ளத்துக்குச் செய்யப்பட்ட வைத்தியம் என்கிற சந்தேகம் எனக்குப் போகவில்லை.

ஆரணியில் இன்று விசைத்தறிச் சத்தம் கூடிவிட்டது. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிச் செய்யாறு சிப்காட் செருப்புத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். போனவாரம் சமண இளைஞர்கள் இரண்டுபேர், படித்தவர்கள், கல்யாணத்துக்கு அகிம்சைப் பட்டில் சேலை நெய்து தரமுடியுமா என்று எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்திருந்தார்கள். மாதிரிக்கு ஒரு சிட்டம் நூலும் கொண்டுவந்தார்கள். அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, ஒரு முனையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “முறுக்கு நிக்காது போல இருக்குதே. இதுல ஒரு பொடவைக்கு இருவது நாளுக்கு மேல ஆவும். கூலி இன்னா குடுப்பீங்க?”